ஹட்டன் பக்கம் காணி, வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், டிக்கோயா, கொட்டகலை, நோர்வூட் பக்கம் வீடு தேடுகிறவர்கள் எங்கள் சனசமூக நிலையத்தில் படிவம் நிரப்ப வரும்போது கேட்பவை இவை. அநேகமாக எல்லாருக்கும் ஒரே சந்தேகங்கள்தான், அதனால் எழுதி வைத்தேன். நான் சட்டத்தரணி இல்லை. கையெழுத்துப் போடுமுன், உறுதி எழுதும் நொத்தாரிசிடம் காட்டுங்கள்.

பேர்ச்சஸ்னு சொல்றாங்களே, அது எத்தனை அடி?

ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. 40 பேர்ச்சஸ் ஒரு ரூட், 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர். தோட்டப்புற வீட்டுத்திட்டங்களில் பேசப்படும் 7 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி.

மலைநாட்டில் இந்தக் கணக்கோடு நின்றுவிடக்கூடாது. நில அளவைப் படத்தில் இருப்பது மேலிருந்து பார்த்த பரப்பு. செங்குத்தான 10 பேர்ச்சஸ் காணியில் வீடு வைக்கக்கூடிய மட்டம் நாலு பேர்ச்சஸ்கூடத் தேறாமல் போகலாம். மீதியை வெட்டி மட்டமாக்க வேண்டும், வெட்டிய பக்கம் அணைச்சுவர் கட்டவேண்டும். அந்தச் சுவரின் செலவு சில இடங்களில் காணி விலையையே எட்டிப்பிடிக்கும். "எத்தனை பேர்ச்சஸ்" என்று கேட்டதோடு, "மட்டம் எவ்வளவு" என்றும் கேளுங்கள்.

சுத்திவர இவ்வளவு வெறும் எடம் கெடக்கு. அப்புறம் ஏன் டவுன்ல காணி இந்த வெல?

சுற்றிவரக் கிடக்கும் இடம் விற்பனைக்கு இல்லை என்பதுதான் காரணம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் அவற்றை நடத்தும் பொறுப்பு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. நிலம் இன்னும் அரசுடையது. கம்பெனிக்கே சொந்தமில்லாததைத் தோட்டத்துரை (மேனேஜர்) உங்களுக்கு எழுதித்தர முடியாது.

ஆக, தனியார் உறுதியுள்ள (உரிமைப் பத்திரம் உள்ள) காணி என்பது பழைய பஜார் வீதிகள், சில கிராமக் காணிகள், சிறு தோட்டங்களை உடைத்து விற்ற துண்டுகள் அவ்வளவுதான். கொழும்பில் உழைக்கும் பிள்ளைகள், தோட்டத்தை விட்டு வெளியே வர நினைக்கும் ஆசிரியர்கள், கடைக்காரர்கள் எல்லாரும் அந்தக் கொஞ்சத்துக்குத்தான் போட்டி. ரயில் பாதை ஓரத்திலும், காசல்றீ, மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரைகளிலும் மலிவாக வரும் துண்டுகள் பல, ரயிலுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் என்று அரசு ஒதுக்கிவைத்த நிலம். மலிவாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கும்.

சரி, இப்ப ஒரு பேர்ச்சஸ் என்ன வெல போகுது?

இங்கே எண் எழுதமாட்டேன். ஒரே வீதியில் மேல்பக்கம் ஒரு விலை, கீழ்ப்பக்கம் ஒரு விலை. லொறி வாசல்வரை வருமா, படி ஏறிப் போகவேண்டுமா என்பதிலேயே விலை பாதியாகும். சீமெந்து மூட்டையை ஆள் வைத்துத் தூக்க வேண்டிய இடத்தில் கட்டுமானச் செலவு எங்கே போய் நிற்கும் என்று ஒரு மேசனிடம் கேட்டால் புரியும்.

தரகர் சொல்வது அவர் விலை. அண்மையில் அதே பக்கம் வாங்கியவரைத் தேடிப்பிடியுங்கள். கோயில் பூசைக்குப் போனால், மரண உதவிச் சங்கக் கூட்டத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்தால், யார் எதை எவ்வளவுக்கு விற்றார், ஏன் விற்றார் என்று தானாகவே காதில் விழும். "ஏன் விற்றார்" என்பதைக் கவனமாகக் கேளுங்கள். இன்னொன்று, சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக்வரை. அந்த மாதங்களில் மஸ்கெலியா, நல்லதண்ணி பக்கம் வாடகையும் பேச்சு விலையும் ஏறி நிற்கும். மழைக்காலத்தில் போய்ப் பேசுங்கள், விலையும் குறையும், காணியின் குணமும் தெரியும்.

"உறுதி இருக்கு"ன்னு அடிச்சிச் சொல்றாங்க. அது போதாதா?

எந்த உறுதி என்று பார்க்கவேண்டும். தனியார் காணிக்கு அறுதி உறுதி (முழுதாக விற்று எழுதியது) இருந்தால், காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துக்குத் தேடல் போட்டு ஈடு (அடமானம்), வழக்கு, வேறு பங்காளி இருக்கிறார்களா என்று நொத்தாரிசு பார்ப்பார். இந்தத் தேடலுக்குக் கொடுக்கும் காசில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அரச காணி என்றால் கதை வேறு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் அனுமதிப்பத்திரமும், சுவர்ணபூமி, ஜயபூமி போன்ற அளிப்புப் பத்திரங்களும் நிபந்தனையோடு வருபவை. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அந்த உறுதி நிற்காது. மூன்றாவது வகைதான் இங்கே அதிகம்: தோட்ட நிர்வாகம் கொடுத்த கடிதம், தொழிற்சங்கத் தலைவர் கையொப்பமிட்ட கடிதம், ஐம்பது ரூபாய் முத்திரையில் எழுதிய ஒப்பந்தம். குடியிருந்ததைக் காட்ட இவை உதவும். உரிமையைக் காட்டமாட்டா. 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது: அசையாச் சொத்தைக் கைமாற்றும் எழுத்து நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடுதான் இருக்கவேண்டும்.

முத்திரை வரி எவ்வளவு வரும்? யார் கட்டணும்?

வாங்குபவர்தான் கட்டவேண்டும். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 30 இலட்சம் பெறுமதியென்றால் 3,000 ரூபாயும் 1,16,000 ரூபாயும் சேர்த்து 1,19,000 ரூபாய். நொத்தாரிசுக் கட்டணம், தேடல், நில அளவையாளர் செலவு இதற்கு வெளியே.

"உறுதியில் குறைத்து எழுதலாம்" என்று யாராவது சொல்வார்கள். வரி கணக்கிடுவது சந்தைப் பெறுமதிக்கு. குறைத்து எழுதினால் திணைக்களம் மதிப்பீடு செய்து மீதியைக் கேட்கலாம். பின்னால் வழக்கென்று வந்தால் நீங்கள் கொடுத்த காசை நிரூபிக்கவும் வழியிருக்காது.

எங்க தாத்தா காலத்துல இருந்து இந்த லயத்துலதான் இருக்கோம். பத்து வருசம் இருந்தா சொந்தமாயிரும்ங்கிறாங்களே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும். பத்து வருட ஆட்சி என்ற விதி இருப்பது உண்மை, 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது தனியார் காணிக்கு. அரசுக்கு எதிராக அது செல்லாது. மேலே சொன்னபடி தோட்ட நிலம் அரசுடையது. அதோடு, தொழிலாளி என்ற முறையில் நிர்வாகம் தந்த லயத்து (வரிசை வீட்டு) அறையில் இருப்பது, அனுமதியோடு இருப்பதாகத்தான் கணக்கு. நாலு தலைமுறை இருந்தாலும் சட்டம் அதை ஆட்சியென்று எடுக்காது.

அநியாயமா என்றால் அநியாயம்தான். 1948இல் குடியுரிமை போய், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ஆட்களை எண்ணிப் பிரித்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் எஞ்சியவர்களின் குடியுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. காணி அதற்கும் பிறகுதான் பேச்சுக்கே வந்தது. இன்றைக்கு உங்களிடம் இருக்கும் வழி வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் ஏறுவது. அதற்கு வாக்காளர் இடாப்பில் பெயர், அடையாள அட்டையில் சரியான விலாசம், பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும். பட்டியல் வரும்போது பெயர் விடுபட்டவர்களில் பலருக்குக் குறை இந்தத் தாள்களில்தான்.

லயத்துக்கு முன்னால கூட்டிக் கட்டி, டைல்ஸ் எல்லாம் போட்ட வீடு. விக்கிறாங்க. வாங்கலாமா?

நீங்கள் வாங்குவது டைல்ஸை மட்டும்தான். நிலம் வராது. காசைக் கொடுத்து உள்ளே போனவர்கள் இருக்கிறார்கள், பிரச்சினையில்லாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். நிர்வாகம் மாறினாலோ, விற்றவரின் பிள்ளை திரும்பிவந்து கேட்டாலோ கையில் காட்ட ஒன்றும் இருக்காது. வங்கியும் கடன் தராது.

7 பேர்ச்சஸ் திட்ட வீடென்றால், உறுதி கொடுக்கப்பட்டிருக்கிறதா, அதில் விற்பனைக்கு என்ன நிபந்தனை என்று பார்த்த பிறகுதான் பேச்சு. திறப்பு விழாவில் கொடுத்த சான்றிதழ் வேறு, பதிவான உறுதி வேறு.

மண்சரிவு வருமா வராதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முறையான பதில்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் மண்சரிவு அபாய அறிக்கை. நம் நுவரெலியா மாவட்டத்தில் கட்டட அனுமதி கேட்டுப் போனால் நகர சபையோ பிரதேச சபையோ இதைக் கேட்கும். கட்டும்போது எடுப்பதைவிட வாங்குமுன் எடுப்பது நல்லது. அறிக்கையில் நிபந்தனை இருந்தால் அதையும் வாசியுங்கள். "மாடி கூடாது", "வடிகால் கட்டவேண்டும்" என்று எழுதியிருப்பார்கள்.

அதற்கு முன்னால் கண்ணால் பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது. தரையில் சரிவுக்குக் குறுக்காக ஓடும் விரிசல். கதவு, ஜன்னல் சட்டம் கோணி, மூட மறுப்பது. புதிதாகச் சீமெந்து பூசிய ஒரே ஒரு கோடு. மற்றச் சுவரெல்லாம் பழைய சுண்ணாம்பாக இருக்க, அந்தக் கோடு மட்டும் ஏன் புதிது என்று கேளுங்கள். காணிக்கு மேலே நடந்து போய்ப் பாருங்கள்: மின்கம்பமோ சவுக்கு மரமோ ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா, தேயிலை வரிசை நடுவில் ஓரிடத்தில் இறங்கியிருக்கிறதா. வழக்கமில்லாத இடத்தில் ஊற்று கிளம்புவதும், மழையில்லாத நாளில் பீலித் தண்ணீர் (ஊற்றுக் குழாய்த் தண்ணீர்) கலங்கி வருவதும் மிகக் கெட்ட அறிகுறி.

மழை நாளில் வரும் எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் தயார், சிவப்பு என்றால் வெளியேறுவது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாடு முழுக்க மண் இறங்கியது. அதற்குப் பிறகு ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் "அந்த நாலு நாளும் இங்கே எப்படி இருந்தது" என்று பக்கத்து வீட்டில் கேட்பது என் முதல் கேள்வி. விற்பவர் மழுப்பலாம், பக்கத்து வீட்டு அம்மா மழுப்பமாட்டார்.

தண்ணி லைன் இருக்குன்னாங்க. வேற என்ன பாக்கணும்?

யாருடைய லைன் என்று பாருங்கள். நீர் வழங்கல் சபையின் மீட்டரா, நகர சபையின் இணைப்பா, இல்லை மேலே உள்ள ஊற்றிலிருந்து ஊர்க்காரர் இழுத்த குழாயா? மூன்றாவது என்றால் அதற்கு ஒரு தண்ணீர்ச் சங்கம், மாதச் சந்தா, முறை எல்லாம் இருக்கும். பழைய வீட்டுக்காரர் சந்தா கட்டாமல் விட்டிருந்தால் அந்தப் பாக்கி உங்கள் தலையில் விழலாம். ஊற்று தோட்டக் காணியில் இருந்தால், மேலே மருந்து தெளிக்கும் நாளில் என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். பெப்ரவரி, மார்ச் வரட்சியில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் உண்மை தெரியும்.

மரண உதவிச் சங்கத்துல சேரணுமா? நாங்க வாடகைக்குத்தானே இருக்கோம்.

சேருங்கள். வாடகைக்காரரையும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள், சில இடத்தில் சேர்ந்து கொஞ்ச மாதம் கழித்துத்தான் பலன் என்ற விதி இருக்கும். சந்தா சொற்பம். செத்த வீடு என்று வந்தால் கூடாரம், கதிரை, தேநீர்ச் சாமான் வந்து இறங்கும், முக்கியமாக ஆட்கள் வருவார்கள். சரிவான பாதையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக எத்தனை தோள் வேண்டும் என்று இங்கே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பயன், எந்த வீடு காலியாகப் போகிறது என்று தரகருக்கு முன்னால் சங்கத்துக்குத் தெரியும். என் கண்முன்னே நல்ல வீடுகள் விளம்பரமே இல்லாமல் இப்படித்தான் கைமாறியிருக்கின்றன. சிரமதானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு போய் நின்றவரை ஊர் மறக்காது.

கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு வரி போடுறாங்க. குடுக்கலேன்னா?

சட்டப்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தோட்டங்களில் சம்பளத்தில் கழிக்கும் வழக்கம் இருக்கிறது, அதுகூட நீங்கள் சம்மதித்தால்தான். டவுனில் கமிட்டிக்காரர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வருவார்கள். கையில் இருப்பதைக் கொடுத்து, பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். வேறு மதத்தவர் என்றால் சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். அன்னதானத்துக்கு மட்டும் அரிசி கொடுக்கும் கிறிஸ்தவ, முஸ்லிம் வீடுகள் எங்கள் வீதியிலேயே இருக்கின்றன.

மாசி மாசம் காமன் கூத்து, விடிய விடிய தப்புச் சத்தம். வீடு வாங்கினதுக்கப்புறம்தான் தெரிஞ்சது. பொலிஸ்ல சொல்லலாமா?

சொல்லலாம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியும் நேர எல்லையும் உண்டு, அதை மீறினால் முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. தப்பு மேளத்துக்கு மின்சாரம் வேண்டாம், அது இருக்கும்.

என் யோசனை, பொலிஸுக்கு முன்னால் கூத்து வாத்தியாரிடம் பேசுங்கள். வீட்டில் கைக்குழந்தை, பரீட்சை எழுதும் பிள்ளை என்று சொன்னால் ஒலிபெருக்கியை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். காமன், ரதி கதையை ஆடும் கூத்துத்தான், ஒருமுறை போய் உட்கார்ந்தும் பாருங்கள். ரதி வேஷம் கட்டிய பையன் பகலில் உங்களுக்குத் தொலைபேசி ரீலோட் போட்டுத் தருகிறவனாக இருப்பான்.

பிள்ளைய ஹைலண்ட்ஸ்ல சேர்க்கணும். கிட்ட ஒரு வீடு வாங்கினா கெடைக்குமா?

ஹைலண்ட்ஸ் என்றில்லை, பெயர்பெற்ற எந்த அரசாங்கப் பாடசாலைக்கும் முதலாம் தர அனுமதியில் வதிவிடத்துக்குப் புள்ளி உண்டு. ஆனால் தூரம் மட்டும் போதாது. வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடமாக அந்த விலாசத்தில் பெயர் இருக்கிறது, உறுதியோ குத்தகையோ எப்போது எழுதப்பட்டது என்றெல்லாம் பார்ப்பார்கள். பிள்ளைக்கு நாலு வயதானபோது வாங்கினால் பெரிதாகப் புள்ளி வராது. பள்ளிக்கூடத்தைக் காட்டி விலையை ஏற்றும் தரகரிடம் இதைச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டுக்கு ஒரு வருச அட்வான்ஸ் கேட்குறாங்க. எழுத்து வேணுமா?

கட்டாயம் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படவேண்டும் என்பது அதே 1840 சட்டம். வெறும் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் அது மாதவாடகை போலத்தான் பார்க்கப்படும். நொத்தாரிசு எழுத்தில் காலம் முடிந்தால், 2023இல் வந்த சட்டத்தின்படி வீட்டுக்காரர் முன்பைவிட விரைவாக நீதிமன்றத்தால் வீட்டை மீட்கலாம். நொத்தாரிசு எழுத்து உங்களுக்கும் பாதுகாப்பு: காலம் முடியுமுன் எழுப்ப முடியாது.

அட்வான்ஸ் மாதாமாதம் கழியுமா, கடைசியில் திரும்புமா என்பதை எழுத்தில் போடுங்கள். சண்டையில் பாதி இதனால்தான் வருகிறது.

விக்கிறவர் சிங்களவர், நல்ல மனுசன். உறுதி முழுக்க சிங்களத்துல இருக்கு, "ஆறில் ஒரு பங்கு"ன்னு வேற எழுதியிருக்காம்.

மனிதர் நல்லவராக இருக்கலாம். மீதி ஆறில் ஐந்து யாருடையது என்பதுதான் கேள்வி. பிரிக்கப்படாத பங்கை வாங்கினால் குறிப்பிட்ட மூலையை வாங்கியதாக ஆகாது, முழுக் காணியிலும் ஒரு பங்கு கிடைக்கும். நாளைக்கு ஒரு பங்காளி பிரிவினை வழக்குப் போட்டால் நீங்கள் கட்டிய இடம் வேறொருவருக்குப் போகலாம். எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து பிரித்து, படம் வரைந்து, உறுதி எழுதிய பிறகு வாங்குங்கள்.

மொழிக்கு, விற்பவர் கூட்டிவரும் ஆளை நம்பி இருக்காமல் நீங்களே இரு மொழியும் தெரிந்த நொத்தாரிசைப் பிடியுங்கள்.

கனடாவுல இருக்கிற அண்ணன்தான் காசு தர்றார். அவர் பேருலேயே எழுதலாமா?

அவர் இலங்கைக் குடியுரிமையை விட்டுவிட்டாரா, இரட்டைக் குடியுரிமை எடுத்திருக்கிறாரா? 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயரில் காணி எழுதுவதைத் தடுக்கிறது. இலங்கைக் குடியுரிமையை விடாமல் இருந்தாலோ, இரட்டைக் குடியுரிமை இருந்தாலோ தடையில்லை. இல்லையென்றால் உங்கள் பெயரில்தான் எழுதவேண்டி வரும், அப்போது காணி சட்டப்படி உங்களுடையது. காசைப் பற்றி அண்ணன் தம்பிக்குள் பேசவேண்டியதை வாங்குமுன் பேசுங்கள், அண்ணியும் இருக்கும்போது.

அப்பா போயிட்டார். வீடு மூத்தவருக்குத்தான்னு சொல்றாங்க. எனக்குப் பங்கு இல்லையா? நான் கட்டிக் குடுத்த பொண்ணு.

இருக்கிறது. தேசவழமைச் சட்டம் யாழ்ப்பாணத் தமிழருக்கு, கண்டியச் சட்டம் கண்டிச் சிங்களவருக்கு. நமக்குப் பொதுச் சட்டம். மரணசாசனம் இல்லாமல் இறந்தால் பாதி அம்மாவுக்கு, மற்றப் பாதி ஆண் பெண் வித்தியாசமில்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக. கட்டிக்கொடுத்ததால் இந்த உரிமை போகாது, ஆனால் கல்யாணத்துக்கு அப்பா தந்த சீர் பங்குக் கணக்கில் சேர்க்கப்படலாம்.

அரச அளிப்புக் காணிக்கு மட்டும் விதி வேறு. அதில் யாரைப் பின்னுரித்தாளராக (அடுத்து உரிமை பெறுபவராக) பதிந்திருக்கிறார்கள் என்று பிரதேச செயலகத்தில் பார்க்கவேண்டும்.

ஈ.பீ.எஃப். காசை வீட்டுக்கு எடுக்கலாமா?

ஊழியர் சேமலாப நிதியில் (ஈ.பீ.எஃப்.) 10 வருடம் பங்களிப்பும், கணக்கில் குறைந்தது 3 இலட்சமும் இருந்தால் 30 சதவீதம்வரை வீட்டுத் தேவைக்கு முன்கூட்டியே எடுக்கலாம். உறுதி, படம் போன்ற ஆதாரம் கேட்பார்கள். லயத்தைக் கூட்டிக் கட்ட இதை எடுக்கலாமா என்பவர்கள் மேலே உறுதி பற்றிய பதிலைப் பாருங்கள்.

அட்வான்ஸ் குடுத்துட்டேன். இப்ப மண்சரிவு அறிக்கை சரியில்லேன்னு வந்திருச்சு. காசு திரும்புமா?

கையில் என்ன எழுத்து இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வாய்ப்பேச்சை வைத்து விற்கச் சொல்லியோ வாங்கச் சொல்லியோ யாரும் யாரையும் வற்புறுத்த முடியாது, காணி விஷயத்தில் சட்டம் அதை ஏற்காது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம், ஆனால் கொடுத்ததைக் காட்டவேண்டும்: வங்கி வழியாகப் போட்டிருந்தால் நல்லது, பற்றுச்சீட்டு இருந்தால் சரி, கையில் எண்ணிக் கொடுத்திருந்தால் சாட்சி தேடவேண்டும். முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு மத்தியஸ்த சபை, அதற்கும் பிறகு நீதிமன்றம்.

இன்னும் கொடுக்காதவர்கள், நொத்தாரிசு எழுதும் விற்பனை உடன்படிக்கையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "மண்சரிவு அபாய அறிக்கை, காணிப் பதிவகத் தேடல் இரண்டும் வாங்குபவருக்குத் திருப்தியாக இல்லாவிட்டால் முற்பணம் முழுவதும் 14 நாளுக்குள் திருப்பித் தரப்படும்." விற்பவர் இந்த வரிக்கு முகம் சுளித்தால் வேறு காணி பாருங்கள்.